முதுகு தெரியாத பத்திரம்

சென்ற இதழில் புதுச்சேரி விடுதி ஒன்றைப் பற்றி நண்பர் எழுதியிருந்த கட்டுரையையும், அதே இதழில் இரண்டு பக்கம் தள்ளி அவர் வெளியிட்டிருந்த 'கண்டெடுத்த கவிதை'யையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இரண்டும் ஒரே சரக்கு என்பது தெரிந்திருக்கும். தமிழில் நவீனத்துவம் காகிதத்தைத் தாண்டிச் சுவரும் கூரையுமாக ஸ்தூல வடிவம் பெற்ற முதல் இடம் அந்த விடுதி என்பது நண்பரின் வாதம். புதுக்கவிதை செய்ததை அந்தக் கட்டடம் செய்திருக்கிறதாம். இதை மறுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு போகையில் பாதி உண்மை அவர் பக்கம் இருப்பது தெரிந்தது. அந்தப் பாதிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த இதழில் அவர் சொல்லிவிடுவார். அந்த விடுதியில் இரண்டு இரவு நான் தங்கியது நண்பரின் தயவால். உள்ளலங்காரம் செய்தவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர். கவிதைக் கருத்தரங்கு ஒன்றுக்காகப் போயிருந்த எனக்குப் பாதிக் கட்டணத்தில் அறை கிடைத்தது. அந்தப் பாதியே ஒரு கிளார்க் யோசித்துச் செலவு செய்ய வேண்டிய தொகை. படுக்கை நன்றாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன், இரண்டாவது இரவைத் தவிர. காலையில் ஊழியப் பையன் கொண்டுவந்த காபியும் குறை சொல்ல முடியாதது. நன்றி கெட்டவன் என்று சொல்வதற்கு நண்பருக்கு உரிமை உண்டு.

வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் ஒன்றில் அந்த வீடு இருக்கிறது. கீழே திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமும், மாடியில் வளைவு ஜன்னலும் பிரெஞ்சுப் பாணிக் காரைவேலையுமாக இரண்டு நாகரிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் இந்த வகை வீடு அந்த ஊருக்கே உரியது. 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய ஊரை 1765க்குப் பிறகு பழைய தெருக்கோடுகளின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். வீட்டின் அமைப்பைக் கெடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நண்பர் எழுதியது உண்மை. ஆனால் திண்ணையில் வரிசையாக மண்தொட்டிகளை வைத்து, தெருவில் போகிறவன் உட்கார முடியாதபடி செய்திருப்பதை அவர் எழுதவில்லை. வழிப்போக்கன் உட்கார முடியாத திண்ணை ஒரு வெறும் மேடை. அதைப் 'பாரம்பரியம்' என்று பித்தளைப் பலகையில் பொறித்திருக்கிறார்கள்.

உள்ளே, அறைகளுக்கு எண் கிடையாது, தொழில்கள் உண்டு. தையற்காரர் அறை, தபால்காரர் அறை, மருத்துவச்சி அறை. எனக்குக் கொடுத்தது கணக்குப்பிள்ளை அறை. பாங்குக்காரனுக்குப் பொருத்தம் என்று நண்பரே சொல்லி வைத்திருந்தார். வெள்ளைச் சுவர். சரிவான கணக்கு மேசையின் மூடியைத் திறந்தால் தேயிலைப் பொட்டலங்கள். கல்லாப்பெட்டியின்மேல் படுக்கை விளக்கு. முகம் கழுவும் தொட்டி ஓர் ஆட்டுக்கல். குழவி இருந்த குழியில் தண்ணீர் போக ஓட்டை போட்டிருக்கிறார்கள். விளக்கு ஸ்விட்சைப் பழைய பூட்டுக்குள் ஒளித்து வைத்திருந்ததால் முதல் இரவு இருட்டில் சாவித் துவாரங்களைத் தடவிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். விளையாட்டு யாருக்கும் பிடிக்கும். விருந்தாளி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார். அதற்குத்தான் அந்தப் பணம்.

இந்த வகை விடுதிக்குப் பூட்டிக் ஹோட்டல் என்று பெயர். பூட்டிக் என்றால் பிரெஞ்சில் கடை. இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தில் பண்டகசாலை, கிடங்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வருகிறது. ஊருக்கும் பொருத்தம், விடுதிக்கும் பொருத்தம். நியூயார்க்கில் 1984இல் திறந்த மார்கன்ஸ் என்ற ஹோட்டலோடு இந்தப் பெயர் பிரபலமாயிற்று. அதன் சொந்தக்காரர்களான ஷ்ரேகரும் ரூபெலும் அதற்கு முன் ஸ்டுடியோ 54 என்ற நடன விடுதி நடத்தி, வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்று வந்தவர்கள். பெரிய ஹோட்டல் பல்பொருள் அங்காடி என்றால் எங்களுடையது பூட்டிக் என்று விளக்கம் கொடுத்தவர் ரூபெல் என்பார்கள். உள்வடிவம் ஆந்த்ரே புட்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. குளியலறைச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள், மற்றபடி அடக்கமான சாம்பல். புட்மானின் அறைகளில் யாருடைய வீட்டுச் சாமானும் தொங்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். சொந்தமாக ஒரு கோடு போடத் தெரிந்தவருக்கு இன்னொருவர் வீட்டுக் கதவு தேவைப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலுக்கு எதிரே, கறுப்புச் சட்டத்தில், ஒரு பழைய கடன் பத்திரம். நாம் புரோநோட்டு என்று சொல்வது. நண்பர் 'கண்டெடுத்து'க் கவிதையாக்கியது இதைத்தான்.

நண்பருக்கு அது பழுப்பேறிய காகிதம், சாய்ந்த கையெழுத்து, மூலையில் தபால்தலை மாதிரி ஐந்தாம் ஜார்ஜின் தலை, அதன்மேல் நீல ரேகை ஒன்று. நான் அன்றாடம் பார்க்கிறவன். நகைக்கடன் கவுண்டரில் வாரத்துக்குப் பத்துப் பேருடைய பெருவிரலையாவது பிடித்து மைப்பெட்டியில் அழுத்துகிறேன். அதனால் வாசித்தேன். 1934ஆம் வருஷம். அந்தக் காலத்து ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமம். கடன் வாங்கியவள் ஒரு பெண். பெயர் தெளிவாக இருக்கிறது. நான் இங்கே எழுதப் போவதில்லை. ரொக்கம் ரூ.75. வட்டி நூற்றுக்கு மாதம் ரூ.1. கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ அசலும் வட்டியும் கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்ற வழக்கமான வாசகம். ஓரணா ஸ்டாம்பின்மேல் கைநாட்டு. எழுதியவன் கையெழுத்து தனியே. எழுபத்தைந்து ரூபாய்க்கு மாத வட்டி 12 அணா, வருஷத்துக்கு 9 ரூபாய்.

புரோநோட்டைப் பற்றிப் பாங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. முகம் எப்போதும் ஒரே பாட்டுத்தான் பாடும். கதை நடப்பது முதுகில். கடன்காரன் கொண்டுவந்து கொடுக்கும் ஒவ்வொரு தொகையும் தேதி போட்டு, அவன் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, பின்புறத்தில் வரவு எழுதப்படுகிறது. 3 வருஷத்துக்குள் அப்படி ஒரு வரவு விழாவிட்டால் பத்திரம் காலாவதி. விழுந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருஷம் உயிர். ஆகையால் முதுகில் இருக்கும் ஒவ்வொரு வரியும் கடன்பட்டவனுக்குக் கொஞ்சம் விடுதலையும் கொஞ்சம் கூடுதல் ஆயுள் தண்டனையும். கடன் முழுதும் தீர்ந்தால் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக் கண்ணெதிரே கிழித்துப் போடுவது கிராமத்து வழக்கம். கிழியாத பத்திரம் ஒன்று சுவரில் தொங்குகிறது என்றால், அவள் திருப்பி வாங்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். 1938இல் ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டியைக் குறைத்தது. அது அவளுக்கு எட்டியதா, அதற்குள் பத்திரம் காலாவதி ஆகிவிட்டதா, ஏதாவது நிலத்தை எழுதிக் கொடுத்தாளா? சட்டம் அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறது.

இனி நண்பரின் கவிதை. பத்திரத்தின் வாசகத்தை எடுத்து வரிகளை உடைத்து இடமும் வலமுமாகச் சிதறவிட்டிருக்கிறார். அவளுடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறார், ஓசை நயத்துக்காக. ரேகையைக் குறிக்கத் தனி வரியில் ஓர் அடைப்புக்குறி, உள்ளே வெற்றிடம். விட்டுவிட்டது என்ன? ரூ.75. நூற்றுக்கு ரூ.1. வருஷம். தொலைபேசியில் கேட்டேன். "எண் வந்தா கவிதை செத்துடும்யா. நீங்க பாங்குக்காரர், அப்படித்தான் பார்ப்பீங்க" என்றார். வேண்டாத சொல்லை விலக்கு என்று 1913இல் பவுண்ட் இட்ட கட்டளையையும் நினைவுபடுத்தினார். அதை பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் நானும் மனப்பாடம் செய்தவன்தான். வட்டி விகிதம் எப்போது வேண்டாத சொல்லாயிற்று? அந்தக் காகிதத்தில் வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அச்சடித்தாற்போல் எல்லாப் பத்திரத்திலும் வருவது. (அதே பவுண்ட் பிற்காலத்தில் வட்டியைப் பற்றியே ஓயாமல் எழுதி, அதை யூத வெறுப்பாக அழுகவிட்டு, தன்னையும் கெடுத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் வட்டி கவிதைக்கு ஆகாத விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.)

நண்பரின் இரண்டாவது அரண் துஷாம். 1917இல் மூத்திரப் பீங்கான் ஒன்றைக் கவிழ்த்து, ஒரு பொய்ப்பெயரில் கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டிய யார் படைப்பையும் வைப்போம் என்று அறிவித்த கண்காட்சிக்கு அனுப்பி, அவர்களைச் சொன்ன சொல்லை மீறவைத்த காரியம் எல்லோருக்கும் தெரிந்தது. அதிலிருந்து இதற்குப் பாலம் போடுகிறார் நண்பர்: பொருளை அதன் உபயோகத்திலிருந்து பெயர்த்து வைத்தால் பார்வை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் துஷாமின் பீங்கான் கடையில் கிடைக்கும் புதுச் சரக்கு, யார் கையும் படாதது. அதற்குப் பின்னால் கடன்பட்டவள் யாரும் இல்லை. அதைக் கண்டு கண்காட்சிக்காரர்களுக்குக் கோபம் வந்தது. கணக்குப்பிள்ளை அறையில் யாருக்காவது கோபம் வருமா? அங்கே அந்தப் பத்திரம் தூக்கத்துக்குத் துணை. அதிர்ச்சி தரப் பிறந்த ஒரு உத்தியைத் தலையணை உறையாகத் தைத்திருக்கிறார்கள், நண்பர் அதற்குத் தத்துவ நூல் கோத்துக் கொடுக்கிறார்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று மைத்துனரிடம் கேட்டதற்குக் காரைக்குடி என்றார். வேறு எங்கிருந்து வரும்? கூட்டுக் குடும்பம் சிதறி, பங்கு பிரித்து, பராமரிக்க ஆளில்லாமல் பெயர்த்து விற்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் பல வருஷங்களாக அந்த ஊர்ப் பழம்பொருள் கடைகள் வழியாக நாடெங்கும் போகின்றன. வீட்டுக்காரர்களின் இழப்பை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்தத் தேக்கு எந்தப் பணத்தில் வந்தது என்பதும் ஒரு கேள்வி. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930இல் 6 சதவிகிதம், 1938இல் 25 சதவிகிதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. நிலத்தை ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். பிறகு யுத்தமும் தேசியமயமும் அதையும் கொண்டுபோயின. இத்தனையும் ஒரு கதவில் இருக்கிறது. விடுதியில் அந்தக் கதவு குளியலறைக்குப் போகிறது, அழகாக இருக்கிறது.

நண்பர் பக்கம் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். அந்த வெள்ளைச் சுவரில் ஒற்றைப் பொருளைத் தனியே மாட்டி, சுற்றிலும் வெறுமையை விட்டு, மௌனத்தைக் கூலிக்குப் பேசவைக்கும் வித்தையை டிசைனர்கள் யாரிடம் கற்றார்கள்? நம்மிடம்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, நம் பத்திரிகைகளை அவர்கள் படிப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே நாம் அதைச் செய்துவிட்டோம். உரலை அடுக்களையிலிருந்தும், ஏரைக் கொல்லையிலிருந்தும், பாட்டியைப் பாட்டியிடமிருந்தும் பெயர்த்தெடுத்து வெள்ளைத் தாளின் நடுவே ஐந்து வரியில் வைத்தோம். படிமம் என்றோம். ஆரம்பத்தில் அது ஒரு சண்டையாக இருந்தது. செய்யுளின் அடைசலை எதிர்த்து, மேடைக் கவிதையின் ஊளையை எதிர்த்து, ஒரு பொருளை உள்ளபடி காட்டுவதற்கே தைரியம் வேண்டியிருந்தது. அந்தச் சண்டை முடிந்து வெகுகாலம் ஆகிறது. பழக்கம் மட்டும் இருக்கிறது. என் முதல் தொகுப்பில், முற்றத்தில் மழை நீர் தேங்கி வானத்தைக் காட்டும் ஓர் ஆட்டுக்கல் வருகிறது. நாலு பேர் பாராட்டினார்கள், நண்பரும் ஒருவர். அந்தக் கல்லில் மாவாட்டிய அத்தையின் வலது தோள் கடைசிக் காலத்தில் மேலே எழும்பாமல் போயிற்று. கவிதையில் அத்தைக்கு இடமில்லை, படிமம் கெட்டுவிடும் என்று எடுத்துவிட்டேன். கணக்குப்பிள்ளை அறையில் ஆட்டுக்கல்லில் வாய் கொப்பளித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் முழுதும் டிசைனர்மேல் ஏற்பட்டதல்ல.

அந்த ஊரிலேயே நண்பர் பார்க்க வேண்டிய ஒரு தங்குமிடம் இருக்கிறது. ஆசிரமத்தின் கோல்கொண்டா. அந்த நம்பிக்கைகளுக்கும் எனக்கும் ஒட்டுறவு இல்லை. உள்ளே தங்கியதும் இல்லை, தெருவில் நின்று பார்த்தவன்தான். டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலுக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் வேலை செய்த அன்டொனின் ரேமண்ட், அவருடன் ஜார்ஜ் நகஷிமா, சாமர் ஆகியோர் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய கட்டடம். நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி மூலம் வந்த பணத்தால் அந்தப் பெயர். அலங்காரம் இல்லாத கான்கிரீட். ஜன்னல் என்று தனியே கிடையாது. முகப்பு முழுதும் கிடைமட்டமான பலகைகள், திருப்பினால் காற்று, மூடினால் மழைக்குத் தடுப்பு. அறைக் கதவுகளில் தேக்குச் சட்டங்கள், சாத்தியிருந்தாலும் காற்றுப் போகும். புதுச்சேரியின் சித்திரை வெயிலில் மனித உடம்பு எப்படிப் படுத்துறங்கும் என்ற ஒரே கேள்விக்கு எழுதிய விடை. பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் அதன் கைப்பிடி, தாழ்ப்பாள்களை வார்த்தார்கள் என்று அதன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பாத்திரம் பாத்திரமாக இருப்பதை விட்டு இன்னொரு உபயோகத்துக்குள் போய் மறைந்துவிட்டது. நவீனத்துவத்தின் முதல் கட்டடம் என்று நண்பர் தம் மைத்துனரின் வேலைக்குப் பட்டம் சூட்டுவதற்கு முன் நாலு தெரு நடந்திருக்கலாம்.

இரண்டாம் நாள் மாலை, புறப்படுவதற்கு முன்பே ஏதாவது வாங்கிவிடலாம் என்று கீழே இருந்த கடைக்குள் போனேன். (பூட்டிக்குக்குள் ஒரு பூட்டிக்.) ரூ.450க்கு ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் அந்தப் பத்திரம், பெயரும் ஊரும் ரேகையும் உட்பட. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், இந்தப் பெயர்க்காரியின் பேரன் பேத்தி யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. அவள் நல்ல பெண், கொஞ்சம் யோசித்தாள். "இது ரொம்பப் பழசுதானே சார். தமிழே நிறையப் பேருக்கு வாசிக்க வராது சார்" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். விடுதியின் ரசனைக் கோட்பாட்டை அவளைவிடச் சுருக்கமாக நண்பரின் ஆறு பக்கக் கட்டுரையும் சொல்லவில்லை. வாசிக்க வராது என்ற உத்தரவாதத்தின்மேல்தான் அந்தச் சுவர் நிற்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் பழுப்புத் தாள் ஒட்டி, நாலு பக்கமும் நாடா. கிழிக்கலாம். பையில் குண்டூசிகூட இருந்தது. பதினான்கு வருஷ பாங்கு உத்தியோகம் கையைக் கட்டியது, அடுத்தவன் ஆவணத்தில் ஒரு கீறல் விழக்கூடாது. குளியலறைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகளை எல்லாம் போட்டு, அந்த வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். முதலில் பழுப்பு மட்டும். சாய்த்துப் பிடித்ததில், முன்பக்க எழுத்துகளுக்கு இடையில், தலைகீழாகத் திரும்பிய இரண்டு வரிகள் தெரிந்தன. ஒன்று மசி. மற்றதைக் கண்ணாடியில் காட்டி வாசித்தேன். வரவு ரூ.5. கீழே ஒரு ரேகை, முன்பக்கத்தில் இருப்பதைவிடத் தீற்றலாக. தேதியின்மேல் சட்டத்தின் விளிம்பு ஏறியிருக்கிறது. ஏழு மாத வட்டிக்குக்கூடக் காணாத தொகை. கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

சட்டத்தை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

நண்பர் தம் கவிதைகளைத் தொகுப்பாக்கப் போவதாகக் கேள்வி. இந்தக் கவிதையைச் சேர்ப்பதானால் அவர் வைத்ததை எடுத்துவிட்டு, எடுத்ததை வைக்க வேண்டும். அவள் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் வேண்டாம். ரூ.75, நூற்றுக்கு மாதம் ரூ.1, 1934 மூன்றும் வரட்டும். ஓசை கெட்டால் கெடட்டும். வரவு ரூ.5 என்பதை அதே தாளின் பின்பக்கத்தில், வேறு எதுவும் இல்லாமல், அச்சிடச் சொல்ல வேண்டும்; தாள் மெல்லியதாக இருந்தால் நல்லது. புரூஃப் வந்ததும் அனுப்பட்டும், எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.